இஞ்ஞாசி சாமியாரின் வலது காது

இதை எனக்கு முதலில் சொன்னது எமரன்ஸ் டீச்சர். போன தவக்காலத்தில், குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, கோயில் பின்பக்கம் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து ஓலை கிழித்துச் சிலுவை மடித்துக்கொண்டிருந்தோம். டீச்சர் செம்மண்விளை ததேயு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறவர். என் பிள்ளைகள் மூன்று பேரும் அங்கே படித்துத்தான் ஆளானார்கள். மூன்று பேருக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்தது இஞ்ஞாசி சாமியார். அதனால் டீச்சர் அவர் பெயரை எடுத்ததும் என் கை ஓலையிலேயே நின்றுவிட்டது. இதில் டீச்சர் கண்ணால் பார்த்தது கொஞ்சம். சாமியார், வயசான குருக்கள் இருக்கிற இல்லத்துக்குப் போகுமுன் டீச்சரிடம் மனம்விட்டுச் சொன்னது கொஞ்சம். மிச்சம், விடியக்காலையில் நான் செபமாலை உருட்டும்போது என் மனசு தானாக நிரப்பிக்கொண்டது. அதில் பிசகு இருந்தால் ஆண்டவர் என்னைப் பொறுத்துக்கொள்ளட்டும்.

அன்றைக்கு மாதத்தின் முதல் வெள்ளி. முதல் வெள்ளி என்றால் மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக் கோயிலுக்குக் கூட்டிவந்து பாவசங்கீர்த்தனம், செய்த பாவத்தைச் சாமியார் காதில் சொல்லி மன்னிப்பு வாங்குகிறது. இஞ்ஞாசி சாமியார் எப்போதும்போல ஐந்து நிமிஷம் முன்னதாகவே வந்து, ஊதா ஸ்டோலாத் துணியை உதட்டில் ஒற்றி முத்தி செய்து கழுத்தில் போட்டுக்கொண்டு, கூண்டு மாதிரி இருக்கிற தன் பழைய பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் போய் உட்கார்ந்தார். நாற்பத்து மூன்று வருஷமாக அதே மரத்தொட்டி, அதே பலகை, முழங்கை படுகிற இடத்தில் வார்னிஷ் போய் வெள்ளையாகிப்போன அதே கட்டை. உள்ளே போகுமுன் கதவின் வெளிப்பக்கத்தில் யாரோ சாக்பீஸால் என்னவோ கிறுக்கியிருந்ததைப் பார்த்தார். சங்கு மாதிரி இருந்தது, மாங்காய் மாதிரியும் இருந்தது. பிள்ளைகள் எங்கேதான் கிறுக்காது என்று கைக்குட்டையால் துடைத்தார். துடைத்தது போகவில்லை, பரவிக்கொண்டது. வலது கை விரலில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. அந்த வெள்ளையோடேயே சிலுவை போட்டு, ஓட்டை ஓட்டையாகத் துளை போட்ட தகட்டுப் பக்கம் வலது காதைக் கொடுத்து, கண்ணை எதிரே இருந்த ஆணிமேல் வைத்துக்கொண்டார். அந்த ஆணி அவருக்குப் பழைய சிநேகம். பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது யார் என்று பார்க்கக்கூடாது, கால் செருப்பைக்கூடப் பார்க்கக்கூடாது, குரலை வைத்து ஆளை யோசிக்கக்கூடாது என்று குருமடத்தில் சொல்லிக்கொடுத்ததை அவர் அந்த ஆணியை வைத்துத்தான் கடைப்பிடித்தார். எத்தனை ஆயிரம் பாவம் அந்த ஆணித்தலைமேல் வந்து உட்கார்ந்து எழும்பிப் போயிருக்கும். துரு மட்டும் அதற்கு வயசானதைக் காட்டியது. வாங்க பிள்ளைகளே, என்று மனசுக்குள் சொன்னார், வாங்க. யாரும் வரவில்லை. மேலே மின்விசிறி மட்டும் ர்ர்ர் என்று சுற்றிக்கொண்டிருந்தது. அது கேட்கிறது. ரோட்டில் ஜல்லி லாரி போனது. அதுவும் கேட்டது. அப்படியானால் காது நன்றாகத்தானே இருக்கிறது, என்று நினைத்துக்கொண்டார், நினைத்ததுமே அது பொய் என்று உள்ளுக்குள் ஒன்று முனகியது. அந்த முனகல் மட்டும் அவருக்கு எப்போதுமே தெளிவாகக் கேட்டது.

பிந்தியிருப்பார்கள். ஏழாம் வகுப்புக்கு விளையாட்டுப் பீரியடாக இருக்கும். இல்லை, வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு விளையாட்டு எப்படி வரும், இந்த டைம்டேபிளை முதல்முதலாகப் போட்டதே அவர்தானே, எழுபத்தொன்றில், முப்பது வயசில், ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கின வருஷம், பெரிய அட்டையில் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, சிவப்பு மையில் வெள்ளிக்கிழமைகளை அடைத்தது. பிறகு தலைமையாசிரியர் ஆனார். மாடி எழும்பியது. மூன்று தடவை பிஷப் அவரை மாற்றினார், மூன்று தடவையும் ஊர்க்காரர்கள் லாரி பிடித்துப் போய் பிஷப் இல்லத்து முற்றத்தில் உட்கார்ந்து அவரைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். "சாமி இல்லைன்னா இந்தப் பள்ளிக்கூடம் வெறும் சுவருதான் ஆண்டவரே" என்று ஊர்த்தலைவர் பெரிய சந்தியாகு அன்றைக்குப் பிஷப்பிடம் சொன்னதாக வந்து சொன்னார்கள். அவர் முகத்தைச் சலித்த மாதிரி வைத்துக்கொண்டு, கீழ்ப்படிய விடமாட்டேன் என்கிறீர்களே என்று கோபித்துக்கொண்டார். உள்ளே இனித்தது. அந்த இனிப்பைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேனா? சொன்னதாகத்தான் ஞாபகம். ஒரு தடவை சொன்னேன். மூன்று தடவையும் இனித்ததே, ஒரு தடவைதானே சொன்னேன். இப்படிப் பழைய பாவம் நெருஞ்சி முள் மாதிரி காலில் ஏறும்போது அவர் ஆணியை இன்னும் கெட்டியாகப் பார்ப்பார். ஆணி அசையாது. ஐம்பத்தெட்டு வயசில் தலைமைப் பதவி போனது, அது முறைதான். அறுபத்தைந்தில் கணக்குப் பாடம் போனது. பிறகு மணி போனது. பிறகு காலைக் கூட்டத்தில் ஐந்து நிமிஷம் பேசுகிறது போனது. ஒன்றும் யாரும் பிடுங்கவில்லை, எல்லாரும் அன்பாகவே வாங்கிக்கொண்டார்கள், சாப்பிட்டு முடித்தவர் முன்னால் இருந்து எச்சில் தட்டை எடுக்கிற மாதிரி. மிச்சம் இந்த ஒரு வேலைதான். மாதத்தில் ஒரு மணி நேரம். இதுவும் போனால் இந்தக் காம்பவுண்டுக்குள் தனக்கு என்ன இருக்கிறது, ஒரு அறை, ஒரு கட்டில், ஜன்னல் வழியே தெரிகிற சைக்கிள் ஷெட். இதுவும் போனால் வயசான குருக்கள் இல்லத்துக்குப் போவதற்குக் கடிதம் வரும். அங்கே பன்னிரண்டு கட்டில். பன்னிரண்டு பேரும் சேர்ந்து செபம் சொல்வார்கள். ஒரு பிள்ளைகூட இருக்காது.

மணி. அந்த மணியைச் சொன்னேனே, அது மணியே இல்லை, ஒரு முழத் தண்டவாளத் துண்டு. அவர் அறை வாசலுக்கு வலது பக்கத்தில், கம்பியில் தொங்கியது. ஒரு நாள் வாட்ச்மேனுக்குக் காய்ச்சல் என்று இவர் அடித்தார். ஒன்பது இருபதுக்கு இரும்புக் கம்பியால் மூன்று அடி. ங்கொய்ங் என்று ஊர் முழுக்கப் போய், சைக்கிளில் வருகிற பிள்ளைகளை எல்லாம் எழும்பி நின்று மிதிக்க வைத்தது. அந்த ருசி பிடித்துப்போய், கம்பியை அவர் திருப்பிக் கொடுக்கவே இல்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, முப்பத்தைந்து வருஷம், ஒரு கை எட்டுகிற தூரத்தில் நின்று, வலது காது அந்தப் பக்கம். டாக்டராகிப்போன ஒரு பழைய மாணவன் போன வருஷம் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "சாமி, மில்லுல வேலை பார்த்தவங்க காது மாதிரில்லா இருக்கு" என்றான். "மில்லுதாம்லே, உங்களையெல்லாம் அரைச்ச மில்லு" என்று இவர் சொல்ல, அவன் சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "மெல்லிசான குரல்தான் சாமி முதல்ல போகும். பொம்பளையாளுக, சின்னப் பிள்ளைக. தடிச்ச குரல் கேக்கும்." "அப்போ பிஷப் பேசுறது கேக்கும், பிள்ளைக பேசுறது கேக்காது. அப்படித்தானே?" அவன் ஒரு மெஷினைக் கொண்டுவந்து காதில் மாட்டிவிட்டான். அவனே கொடுத்தது, அன்பளிப்பு. மெஷினைப் போட்டதும் உலகம் திரும்பி வந்தது, ஆனால் தகர டப்பாவுக்குள் போட்டுக் குலுக்கின மாதிரி வந்தது. தலையைத் திருப்பினால் கூ என்று கூவியது. பூசையில் மைக் பக்கம் போனால் மைக்கும் சேர்ந்து கூவியது. ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒன்று அண்ணாந்து பார்த்து, "பாதர், உங்க காதுக்குள்ள சில்வண்டு இருக்கா?" என்று கேட்டது. சுற்றி நின்றதுகள் எல்லாம் சிரித்தன, அவரும் சிரித்தார். அறைக்குப் போய் மெஷினைக் கழற்றி, மேசை டிராயரில் கைக்குட்டைகளுக்கு அடியில் வைத்தார். அது இப்போதும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் குரலைக் கேட்கத்தான் மெஷின், அந்தப் பிள்ளைகள் சிரித்ததனால்தான் டிராயர். இது ஒரு கணக்கு மாதிரி வந்து நிற்கிறது, போட்டுப் பார்க்கப் பயமாயிருக்கிறது.

தொட்டியின் திரையைக் கொஞ்சம் ஒதுக்கிப் பார்த்தார். அந்தப் பக்கம், சூசையப்பர் சுரூபத்துக்குக் கீழே, தலைமையாசிரியர் ரெக்சன் பாதர் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே பிள்ளைகளுக்கு ஒரு முக்காலி. முப்பத்தெட்டு வயசுப் பையன், நல்ல பையன், தொட்டியெல்லாம் அவருக்கு வேண்டாம், முகத்துக்கு முகம். ஒப்புரவு என்பார், பாவசங்கீர்த்தனம் என்று வாயில் வராது. அவர் முன்னால் வரிசை கோயில் வாசல் தாண்டி வராந்தாவுக்குப் போயிருந்தது. எழுபது எண்பது பிள்ளைகள் இருக்கும். எமரன்ஸ் டீச்சர் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றார். இந்தத் தொட்டிக்கு முன்னால் தரை சுத்தமாக, காலியாக, ஜன்னல் வெயில் ஒரு பாய் மாதிரி விரிந்து கிடந்தது. அந்த வெயிலை ஒரு பிள்ளையும் மிதிக்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டு மேசையில் ரெக்சன் பாதர் சொன்னது இப்போது ஞாபகம் வந்தது. "சாமி, ஒப்புரவை நானே பாத்துக்கிடுதேன். வெயில் வேற கொளுத்துது. நீங்க ரூம்ல படுங்களேன்." "நாப்பத்து மூணு வருசமா வெயில் அடிக்கலையா தம்பி?" என்று இவர் திருப்பிக் கேட்டதும் ரெக்சன் பாதர் ரசத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார். ஏன் குனிந்தார்? சொல்ல ஏதோ வைத்திருந்தாரா? ரசத்தில் என்ன இருக்கிறது அப்படிப் பார்க்க. திரையை விட்டுவிட்டு மறுபடி ஆணிக்கு வந்தார். ஆணியில் நிற்கவில்லை மனசு. அக்காவிடம் போனது. சவேரியம்மா அக்கா, தாய் இல்லாத அவரைத் தூக்கி வளர்த்தவள், தொண்ணூற்று நாலு மார்ச்சில் போனில் கூப்பிட்டாள். "தம்பி, பரீட்சை முடிஞ்சதும் ஒரு எட்டு வந்துட்டுப் போ, என்னவோ மாதிரி இருக்கு." பத்தாம் வகுப்புப் பொதுப்பரீட்சை நடந்துகொண்டிருந்தது. பரீட்சை நடுவிலேயே தந்தி வந்தது. அன்றைக்குக் கணக்குப் பரீட்சை. விடைத்தாள் கட்டைக் கட்டி, அரக்கு வைத்து, வேன் ஏற்றி அனுப்பிவிட்டுப் பஸ் ஏறினார். போய்ச் சேரும்போது கல்லறையில் மண் போட்டாகிவிட்டது. ஈர மண். எல்லாரும் ஒதுங்கி வழி விட்டார்கள், ஒருத்தரும் ஏன் பிந்தினீர்கள் என்று கேட்கவில்லை, குருவானவர் அல்லவா. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். இன்றைக்கு அவர் காதில் தெளிவாக இருக்கிற மெல்லிசான குரல் அது ஒன்றுதான். தம்பி, ஒரு எட்டு வந்துட்டுப் போ. டாக்டர் பையனிடம் இதைக் கேட்க வேண்டும், மெல்லிசான குரல் முதலில் போகும் என்றாயே, இது மட்டும் ஏன் போகவில்லை?

இதற்குள் வரிசையின் வாலில், ஆறாம் வகுப்புப் பையன்கள் நாலைந்து பேர் ஒருத்தனை ஒருத்தன் தள்ளிக்கொண்டிருந்ததை டீச்சர் பார்த்தார். "ஏல அஜின், நீ தைரியமான ஆளுன்னா அந்தப் பக்கம் போ பாப்போம்." "போல, நீ போ." "என்னல, சாமியார் கடிச்சிருவாரா?" "கடிக்க மாட்டாரு. மைக் போட்டிருவாரு." எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். டீச்சர் கண்ணை உருட்டுவதற்குள் அஜின் என்கிற அந்தப் பொடியன் வெயிலை மிதித்து ஓடி, தொட்டிக்குப் பக்கத்தில் முழந்தாள் போட்டுவிட்டான். தகட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நிழல் விழுந்ததும், தேங்காயெண்ணெய் வாடை வந்ததும், சாமியாருக்கு நெஞ்சு குளிர்ந்தது என்று அவரே பிற்பாடு சொன்னாராம். வந்தாயா ராசா. கண்ணை ஆணியில் வைத்துக்கொண்டு கையை உயர்த்தி ஆசீர்வாதம் கொடுக்கப் போனார். பையன் இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து, தகட்டில் மூக்கு இடிக்க, கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான். "பாதர்! மெதுவாச் சொன்னா உங்களுக்குக் கேக்காது, சத்தமாச் சொன்னா எல்லாருக்கும் கேக்கும், அதனால நான் பாவம் ஒண்ணும் சொல்லல பாதர்! நீங்க திருப்பி மட்டும் சொல்லாதீங்க! போன மாசம் நீங்க திருப்பிச் சொன்னது வரிசை பூரா கேட்டுட்டு! அந்த அக்காகிட்ட இப்போ யாரும் பேசுறதில்ல பாதர்!" கத்தி முடித்ததும் தனக்கே பயம் வந்து எழும்பி ஓடிவிட்டான். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை நான் எழுதிவிட்டேன் என்று நினைக்காதீங்க, அவன் பாவம் எதையும் சொல்லவில்லை. அவன் கத்தினதோ, டீச்சர் முதல் வராந்தாவில் நின்ற கடைசிப் பிள்ளை வரைக்கும் எல்லாருக்கும் கேட்ட சங்கதிதான்.

சாமியார் தன் விரலில் இருந்த சாக்பீஸ் வெள்ளையைப் பார்த்தார். சங்கு இல்லை. மாங்காய் இல்லை. அது காது. பெரிய காது ஒன்றை வரைந்து வைத்திருக்கிறார்கள். நான் அதைத் துடைத்துவிட்டு அதே விரலால் சிலுவை போட்டேன். போன மாசம். போன மாசம் யாரோ ஒரு பிள்ளை வந்தது. நூல் மாதிரி ஒரு குரல். என்ன, சத்தமாச் சொல்லு, என்றேன். மறுபடி நூல். சத்தமாச் சொல்லு பிள்ள, பயப்படாத. மூன்றாம் தடவை பிடிபட்டது. பிடிபட்டதும் எனக்கு என்ன சந்தோஷம், பார், கேட்டுவிட்டது, மெஷின் இல்லாமலேயே கேட்டுவிட்டது. சரியாகக் கேட்டேனா என்று உறுதி பண்ண, இதுதானே, என்று அதைத் திருப்பிக் கேட்டேன். அந்த வார்த்தையை. வேண்டாம், அந்த வார்த்தையை நினைக்காதே, அது உன்னுடையது இல்லை, ஆணியைப் பார், ஆணியைப் பார். என் வாயிலிருந்து எவ்வளவு பெரிசாக வந்திருக்கும் அது? செவிடன் பேசுகிறது ஊருக்குக் கேட்கும் என்று எனக்கா தெரியாது. மன்னிப்பு வார்த்தையை நான் முடிக்குமுன்னே அந்தப் பிள்ளை எழும்பிப் போய்விட்டது, விளையாடப் போகிற அவசரம் என்று நினைத்துச் சிரித்தேனே, தனியாக இந்தத் தொட்டிக்குள் உட்கார்ந்து சிரித்தேனே ஆண்டவரே. நாற்பத்து மூன்று வருஷம். எண்பத்தாறில் ஆய்வுக்கூடத்து மைக்ரோஸ்கோப் காணாமல் போய், லேப் உதவியாளர் லியோன்மேல் பழி விழுந்தபோது, எடுத்தது அவர் இல்லை என்று, எடுத்த ஆளே சொல்ல, இந்தப் பலகையில் உட்கார்ந்து இந்தக் காதால் கேட்டிருந்தேன். தொட்டிக்குள் கேட்டது வெளியே போகக்கூடாதே, ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை, முகத்தில்கூடக் காட்ட முடியவில்லை. வேலையை விட்டுப் போகிற அன்றைக்கு லியோன் வந்து நின்று, "சாமி, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார். ஒரு வார்த்தை, நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கினேன். அந்த மனுஷன் செத்து, அடக்கத்துக்குப் போனபோது அவர் சம்சாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதையும் விழுங்கினேன். ஒரு மனுஷன் பிழைப்பையே கொடுத்து அந்த ரகசியத்தைக் காப்பாற்றினேன், இப்போது ஒரு பிள்ளையின் ரகசியம், மெஷினைக் காதில் மாட்டிக்கொள்ள வெட்கப்பட்டதால் போய்விட்டது. லியோன் இதைக் கேட்டால் என்ன சொல்வார்? இதுக்கா சாமி என்னை விட்டுக்கொடுத்தீங்க, என்பார்.

அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது? யார் என்று தெரியாது, பார்க்கவில்லையே. விசாரித்தால் தெரிந்துவிடும். ஆனால் விசாரிக்கிறதே பாவம். கூப்பிட்டு நிறுத்தி, அன்றைக்கு நீ சொன்னதை, என்று வாயைத் திறந்தாலே ரகசியத்தை இரண்டாம் தடவை மீறினதாகும். பிள்ளைகளைக் கூட்டி, அவளோடு பேசுங்கள் என்று சொல்லவும் முடியாது, அவள் என்று நான் சொன்னாலே அவளை மறுபடியும் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். திட்ட முடியாது, கெஞ்ச முடியாது, கண்டுகொள்ளாமலும் இருக்க முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு சாத்தியிருக்கிறது, எல்லாக் கதவையும் சாத்தினது என் வாய்தான். திரையை ஒதுக்கினார். வரிசையில் ஓரிடத்தில் முன்னும் பின்னும் ஆள் விட்டு, ஒரு ரெட்டைச் சடை மட்டும் தனியாகத் தெரிந்தது. சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். பார்க்காதே. தெரிந்துகொள்ளாதே. வரிசையைப் பார்த்தவர் வரிசையிலேயே நின்றார், மனசு நின்றது. வரிசை. எல்லாரும் பாவிகள் என்றுதானே அங்கே நிற்கிறார்கள். ஒரு கதவு திறந்துதான் இருக்கிறது. தனக்கு அது தோன்ற இத்தனை நேரமா? முழங்கால் கடகடக்க எழுந்தார். ஸ்டோலாவைக் கழற்றி முத்தி செய்து, நாலாக மடித்து, தான் உட்கார்ந்த பலகைமேல் வைத்தார். இனி அதை எடுத்துப் போடமாட்டோம் என்று அப்போதே அவருக்குத் தெரிந்திருந்தது. கை அந்தத் துணியை விட ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு விட்டது.

அவர் வெயிலைத் தாண்டி வந்து, வரிசை முழுக்க நடந்து, வராந்தாவில் கடைசிப் பிள்ளைக்குப் பின்னால் போய் நின்றார். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. "சாமி, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அவருக்குக் கேட்கவில்லை. பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். "பாதர், முன்னாடி போங்க பாதர், முன்னாடி போங்க" என்று வழி விட்டார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, முன்னால் நின்ற பையனின் சட்டைக் காலரைப் பார்த்தபடி நின்றார். வரிசை ஒரு அடி நகர்ந்தால் ஒரு அடி நகர்ந்தார். ஒரு மணி நேரம் இருக்கும், மூன்று மணி தாண்டியும் யாரும் வகுப்புக்குப் போகவில்லை. சொல்லி முடித்த பிள்ளைகளும் பெஞ்சியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர் முறை வந்ததும் ரெக்சன் பாதர் பதறி எழுந்திருக்க, இவர் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்து, முக்காலியை ஓரமாகத் தள்ளி, தரையிலேயே முழந்தாள் போட்டார். அப்போதுதான் டீச்சருக்குப் பகீரென்றது. பேசப் போகிறார். அவர் மெதுவாகப் பேசுவதாக நினைத்துப் பேசப் போகிறார், அது கடைசிப் பெஞ்சி வரைக்கும் கேட்கப் போகிறது. "சுவாமி, நான் பாவி, என்னை ஆசீர்வதியும்" என்று தொடங்கினார், கோயில் சுவரெல்லாம் அதைத் திருப்பிச் சொன்னது. ஆறாம் வகுப்புப் பெஞ்சியில் ஒருத்தன் உதடு சிரிப்புக்குத் தயாராக வளைந்ததை டீச்சர் பார்த்தார். அடுத்த வார்த்தை சாமியார் வாயில் ஏறுவதற்குள், பெஞ்சியிலிருந்து ஒரு குரல், நூல் மாதிரிக் குரல்தான், ஆனால் உள்ள சத்தத்தையெல்லாம் கூட்டி, மாதாவுக்குச் சொல்லுகிற அருள் நிறைந்த மந்திரத்தைத் தொடங்கியது. ஒரே ஒரு குரல், ஒரு வரி. இரண்டாம் வரிக்கு இன்னும் இரண்டு பேர். பிறகு அந்தப் பெஞ்சி, பிறகு எல்லாப் பெஞ்சியும், அஜினும் சேர்ந்து, தொண்டை கிழிய, மழைக் காலத்தில் தகரக் கூரையில் விழுகிற மாதிரி. ஒன்று முடிந்தால் உடனே அடுத்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சாமியார் வாய் அசைந்தது தெரிந்தது, முதுகு குலுங்கியது தெரிந்தது. என்ன சொன்னார் என்று டீச்சருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அந்தக் கோயிலில் ரெக்சன் பாதருக்கும் ஆண்டவருக்கும் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. பிள்ளைகளின் சத்தம் மட்டும் தனக்கு நன்றாகக் கேட்டது என்று பிற்பாடு டீச்சரிடம் சொன்னாராம். ஒவ்வொரு பிள்ளையாக வந்தால் கேட்காத காதில், எல்லாரும் சேர்ந்து வந்தபோது, வலது பக்கமும் கேட்டதாம்.

அந்த வருஷம் மே மாதமே அவர் வயசான குருக்கள் இல்லத்துக்குப் போய்விட்டார். மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டுதான் ஜீப் ஏறினார், அது கூவிக்கொண்டேதான் இருந்தது என்று டீச்சர் சொன்னார். முதல் குரல் எந்தப் பிள்ளையுடையது என்று டீச்சருக்குத் தெரியும். ஓலைச் சிலுவையைக் கையில் வைத்துக்கொண்டு என் காதோடு காதாகச் சொன்னார். நீங்க என்னிடம் வேறு எதை வேண்டுமானாலும் கேளுங்க, அந்தப் பெயரை மட்டும் கேட்காதீங்க.